உண்ணிச்செடியைத் தின்னும் அந்துப்பூச்சி: தேடிப் பார்ப்பது எப்படி?

1809 வாக்கில் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்த உண்ணிச்செடி, இன்று வேலூரை அடுத்த அமிர்தி பக்கம் மலையடிவாரத்தில் ஆடுகூட நுழைய முடியாத புதராக நிற்கிறது. அதைத் தின்ன ஒரு புழு இருக்கிறது. அதன் அந்துப்பூச்சிக்கு அறிவியல் பெயர் ஹைபீனா லேசரேட்டாலிஸ். ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் உண்ணிச்செடியைக் கட்டுப்படுத்த இதை விட்டார்கள். நம் நாட்டில் ஏற்கெனவே இருப்பதால் தேடினாலே போதும்.

புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பிறகு, துளிர் நிறைந்த காலையில் போங்கள். காப்புக்காட்டுக்குள் நுழைய வேண்டாம், வேலியோரச் செடியே போதும். முழுக்கைச் சட்டை அவசியம், தண்டில் முள் உண்டு.

முதலில் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். சின்னப் புழு அடித்தோலை மட்டும் சுரண்டும், மேல்தோல் மெல்லிய தாள்போல மிஞ்சும். வெயிலுக்கு நேரே பிடித்தால் சின்னச் சின்ன ஜன்னல்கள் தெரியும். எனக்கு ரொம்பப் பிடித்த அடையாளம் இதுதான். புழு பெரிதானதும் நரம்புகளை விட்டுவிட்டு இடைப்பகுதியைத் தின்னும். இலைக்குள் வெள்ளைக் கோடுகள் ஓடினால் அது வேறு பூச்சி. பச்சைப் புழு தென்பட்டால் மெதுவாகத் தொடுங்கள், துள்ளிக் கீழே விழும்.

சரி, இதே புழுதானா? ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் சருகு போட்டு, புழுவை இலையோடு விட்டு, வாயைத் துணியால் கட்டுங்கள். தினமும் புது இலை வையுங்கள். சருகை நூலால் ஒட்டிக் கூட்டுப்புழுவாகும். வெளிவரும் பூச்சி உட்கார்ந்தால் முக்கோணமாக இருக்கும், தலைக்கு முன்னால் மூக்குபோல நீண்டிருக்கும். பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

வேறு ஊருக்குக் கொண்டுபோய் விடாதீர்கள். பார்த்தீனியக் களையைக் கட்டுப்படுத்த ஆஸ்திரேலியாவில் விட்ட எபிப்ளீமா என்ற அந்துப்பூச்சியை இங்கே சோதித்தபோது, அது எண்ணெய் வித்துப் பயிரான பேயெள்ளிலும் வளர்ந்தது. அதனால் சோதனைக்கு வளர்த்த பூச்சிகளையே அழித்துவிட்டார்கள்.

இந்தப் புழு மட்டும் புதரை ஒழிக்காது. மொட்டையடித்தாலும் அடுத்த மழையில் தழைக்கும். ஆகவே மண்ணுக்குக் கீழே மூன்று நான்கு சென்டிமீட்டரில் ஆணிவேரைக் கடப்பாரையால் வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். வெட்டிய இலையை மாடு தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஈரலைக் கெடுக்கும் விஷம். அப்புறம் பறவைகள் அடையும் மரத்தடிகளுக்குப் போய், எச்சத்தில் விழுந்து முளைத்த கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடுங்கள்.