பழைய மினி கார்ல டெம்பரேச்சர் முள்ளு ஏத்திக் காட்டினா – என் அனுபவம்

நமக்கு டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம். வீட்ல எழுபதுகள்ல வந்த மினி ஒண்ணு இருக்கு, பைன்டவுன் தாண்டி க்ளூஃப் போற வழியில ஃபீல்ட்ஸ் ஹில் ஏத்தம் ஏறினா போதும் முள்ளு சிவப்புக்குப் போயிடும், ஆனா ரேடியேட்டர்ல கொதிப்பும் இல்ல ஆவியும் இல்ல. பாக்குறவங்க எல்லாம் தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்குத் தக்கபடி இன்ஜின் தண்ணிய விடுற வால்வு) மாத்துன்னாங்க. எனக்கு சந்தேகம் வந்தது பெட்ரோல் முள்ளாலதான், பாதி டேங்க்குக்கு முக்கால்னு காட்டுது. ரெண்டும் சேர்ந்து ஏத்திக் காட்டினா, ரெண்டுக்கும் கரண்ட் குடுக்குற வோல்டேஜ் ஸ்டெபிலைசரை முதல்ல பாக்கணும்.

அது பேட்டரி கரண்டை விட்டு விட்டு வெட்டி சராசரியா 10 வோல்ட் அனுப்பும், எர்த் சரியில்லன்னா வெட்டாம அப்படியே முழுசா விட்டுடும். மல்டிமீட்டர் வச்சா எண்ணு குதிக்கணும், எனக்கு அசையாம 13க்கு மேல நின்னுச்சு. ஸ்பீடோமீட்டருக்குப் பின்னாடி கைய விட்டு (விரல் தோல் போயிடும், சொல்லிட்டேன்) அதைக் கழட்டி, எர்த் படுற இடத்துல துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டினேன், ரெண்டு முள்ளும் இறங்கிடுச்சு.

டெம்பரேச்சர் சென்டரையும் (sender, இன்ஜின் சூட்டை முள்ளுக்குச் சொல்ற சென்சார்) சோதிச்சேன், சூடு ஏற ஏற அதோட ஓம்ஸ் (மின்தடை) குறையணும். சென்டர் வயரை மட்டும் நேரா பாடியில ரொம்ப நேரம் தொட்டு வைக்காதீங்க, கேஜ் (முள்ளு மீட்டர்) உள்ள இருக்குற சுருள் எரிஞ்சிடும். சென்டரைக் கொதிக்கிற தண்ணில போட்டுப் பாக்குறவங்க தெர்மாமீட்டரும் வச்சுக்கோங்க, டர்பன்ல 100 டிகிரி, ஜோகன்னஸ்பர்க்ல நம்ம மச்சான் வீட்ல 94, 95லயே கொதிச்சிடும்.