டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது

வாசிப்பதும் பிழையில்லாமல் எழுதுவதும் சிரமமாகும் கற்றல் குறைபாடுதான் டிஸ்லெக்சியா. அதனால் கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் அப்புறம் பாருங்கள். ‘ஸ்பெஷல் எஜுகேட்டர் (இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனியே சொல்லித்தரும் ஆசிரியர்) இருக்கிறாரா?’ என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். முழுநேரமா, எப்போதாவது வந்துபோகிறவரா, எந்தப் பீரியடில் பிள்ளையைக் கூட்டிப்போவார் என்று துருவிக் கேளுங்கள். ஓரிடத்தில் ‘பி.டி. பீரியடில்’ என்றார்கள். என் மகன் பள்ளிக்குக் கிளம்புவதே அந்தப் பீரியடுக்காகத்தான். விண்ணப்பம் வாங்காமலே வந்துவிட்டேன்.

திருத்திய நோட்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பிழைக்கெல்லாம் சிவப்பு வட்டமும் ‘பத்து முறை எழுது’வும் இருந்தால், மற்றதை விசாரிக்க வேண்டியதில்லை. பதில் சரியாக இருந்து எழுத்து மட்டும் பிசகினால் மதிப்பெண் உண்டா? போர்டில் உள்ளதை எழுதி முடிக்காவிட்டால் அச்சிட்ட தாள் கிடைக்குமா? வகுப்பு முன்னால் உரக்க வாசிக்கச் சொல்வார்களா? இவற்றை முதல்வரிடம் அல்ல, வகுப்பு ஆசிரியையிடமே கேளுங்கள்.

மொழிச்சுமையையும் கணக்கில் எடுங்கள். தமிழ், ஆங்கிலம், இந்தி என்றால் மூன்று எழுத்துமுறைகள். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் உரிய சான்றிதழ் இருந்தால் ஒரு மொழி போதும், மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், எழுதித் தர ஆளும் உண்டு. பள்ளி இதற்கு முன் யாருக்காவது வாங்கித் தந்திருக்கிறதா என்று விசாரியுங்கள்.

‘இங்கே சரிப்படாது’ என்றால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் அடக்கம் என்று சொல்லுங்கள். பாடம் பாடமாகத் தேர்வெழுத என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. சென்னைக்காரர்கள் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனில் ஆலோசனை கேட்கலாம்.