மனசு அந்தரப்படேக்க ஒரு பேனையும் பழைய கொப்பியும்: மூண்டு நிமிசம் கெதியாக் கீறுற விதம்

இரவு ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து பிறகு விடியும் வரைக்கும் முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிற ஆக்கள் எங்கட ஊரில கன பேர், நானும் அப்பாவின்ர செத்தவீடு முடிஞ்ச பிறகு ஏழெட்டு மாசம் அப்பிடித்தான் கிடந்தனான். கதைக்க வெளிக்கிட்டா தொண்டை அடைக்கும், கதைக்காட்டி நெஞ்சுக்க கல்லு வைச்ச மாதிரி. அம்மாவுக்கு முன்னால அழவும் ஏலாது, அவா அதைவிட மோசமா இருந்தவா. ஒருநாள் இரவு மேசையில தங்கச்சியின்ர மகளின்ர பழைய கணக்குக் கொப்பி கிடந்துது, பக்கத்தில ஒரு நீலப் பேனை, என்ன செய்யிறன் எண்டே யோசிக்காமல் ஒரு தாள் முழுக்கக் கிறுக்கித் தள்ளினன், பேனை அழுத்தினதில தாள் ரெண்டு இடத்தில கிழிஞ்சும் போச்சு. முடிஞ்சாப் பிறகு கை நோகுது, ஆனா மூச்சு ஒழுங்கா வருது. அண்டைக்குத் தொடங்கினதுதான், இப்ப நாலு வருசம். என்னட்டக் கேட்ட சொந்தக்காரர், சிநேகிதப் பிள்ளையள் எல்லாருக்கும் வாயால சொன்னதை இதில எழுதுறன்.

இது நான் கண்டுபிடிச்ச விசயம் இல்லை. ஏட்ரியன் ஹில் எண்ட இங்கிலாந்து ஓவியர் கசநோயோட சனற்றோரியத்தில கிடக்கேக்க கீறிக் கீறித் தன்னைத் தேத்தினவர், பிறகு அங்க இருந்த மற்ற நோயாளியளுக்கும் அதைப் பழக்கினவர், ஆர்ட் தெரபி எண்ட பேரை 1942இல வைச்சதும் அவர்தான். எங்கட நாட்டிலயும் மட்டக்களப்பில 1996இல தொடங்கின வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில யுத்தத்துக்க அகப்பட்ட பிள்ளையளுக்கு படம் கீறுறது, களிமண், கதை, நாடகம் எண்டுதான் ஆறுதல் குடுத்தவை.

“எனக்குக் கீற வராது” எண்டுதான் எல்லாரும் முதல் சொல்லுறது. ஆறாம் வகுப்பில ஒரு ரீச்சர் என்ர மாட்டுப் படத்தை வகுப்புக்கே தூக்கிக் காட்டிச் சிரிச்சதுக்குப் பிறகு நானும் சித்திரக் கொப்பியைத் தொடேல்லை, அதால அந்தப் பயம் எனக்கு நல்லா விளங்கும். ஆனா இதுக்குக் கீறத் தெரியத் தேவையே இல்லை. 2016இல அமெரிக்காவில ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில கிரிஜா கைமல் எண்டவாவும் அவவின்ர ஆக்களும் 39 பெரியாக்களை 45 நிமிசம் கீற, களிமண் பிசைய, படம் வெட்டி ஒட்ட விட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் எச்சில் எடுத்து கோட்டிசோல் பாத்தவை. கோட்டிசோல் எண்டது மன அழுத்தத்தில உடம்பில கூடுற சுரப்பு. முக்கால்வாசிப் பேருக்கு அது குறைஞ்சிருக்கு, முன்னமே கீறிப் பழகினவைக்கும் பழகாதவைக்கும் அதில பெரிய வித்தியாசம் இல்லை. மிச்சக் கால்வாசிப் பேருக்குக் குறையேல்லை எண்டதையும் சொல்லவேணும், எல்லாருக்கும் இது சரிவராது, சரிவராட்டி உங்களில ஒரு பிழையும் இல்லை.

நான் ஏன் கெதியாக் கீறச் சொல்லுறன் எண்டால், ஆறுதலா இருந்து கீறினா மனசு உடன “வடிவா வருதா, கோணலா வருதா” எண்டு பாக்கத் தொடங்கிடும், பிறகு கீறுறது சோதினை எழுதுற மாதிரி ஆகிடும். மூண்டு நிமிசம்தான் எண்டு வைச்சா அதுக்கு நேரம் கிடைக்காது.

சாமான் எண்டு பெரிசா ஒண்டும் வேண்டாம். எழுதி முடிஞ்ச சி.ஆர். கொப்பி, கலண்டர் தாளின்ர பின்பக்கம், ஏதாவது ஒண்டு. நல்ல வெள்ளைச் சித்திரக் கொப்பி வாங்காதேங்கோ, அதைப் பழுதாக்கக் கூடாது எண்டு கை பின்னுக்கு நிக்கும். பேனையால கீறுங்கோ, பென்சில் எண்டா அழிக்கச் சொல்லும், அழிறப்பர் பக்கத்திலயே இருக்கக் கூடாது. போனில மூண்டு நிமிசத்துக்கு அலாம் வைச்சு, வட்ஸ்அப் சத்தத்தை நிப்பாட்டிப் போட்டு இருங்கோ.

முதல் கிறுக்கல். கண்ணை மூடி நெஞ்சில கையை வைச்சு, இப்ப உள்ளுக்க எப்பிடி இருக்கு எண்டு ஒருக்கா மட்டும் கேளுங்கோ, மறுமொழி சொல்லில வரத் தேவையில்லை, கையில வரட்டும். கோவம் எண்டா குத்திக் குத்தி வரும், ஏக்கம் எண்டா இழுபட்டு இழுபட்டு வரும், ஒண்டுமே இல்லாமல் விறைச்சுப்போய் இருந்தா ஒரே இடத்தில வட்டம் வட்டமாச் சுத்தும், எனக்குக் கன நாள் அந்த வட்டம்தான் வந்தது. பேனையைத் தூக்காமல் அலாம் அடிக்கும் வரைக்கும் கீறுங்கோ. பிறகு கண்ணைத் திறந்து தாளை ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ, உடன மடிச்சு வைக்காதேங்கோ.

இதில இருந்து இன்னுமொண்டு செய்யலாம், கீறுகள் ஒண்டையொண்டு வெட்டுற இடமெல்லாம் கூரா ஒரு மூலை வரும், அந்த மூலையளை ஒவ்வொண்டா, ஆறுதலா, கூர் தெரியாமல் வளைவா வாற மாதிரிப் பேனையால உருட்டி விடுறது. இந்த வேலை மட்டும் கெதியாச் செய்யிறேல்லை. மூச்சை வெளிய விடேக்க ஒரு மூலை, திரும்ப இழுத்து வெளிய விடேக்க அடுத்த மூலை. நீட்டி மூச்சு விட விட நெஞ்சடிப்பு இறங்கும், அது உடம்பின்ர இயல்பு. நியூரோகிராபிகா எண்டு 2014இல பாவெல் பிஸ்கரியோவ் எண்ட ரஷ்யர் ஒரு முறையாக் கொண்டுவந்ததில இந்த மூலை உருட்டுறது முக்கியமான வேலை. மூளை நரம்பையே மாத்தும் எண்டெல்லாம் சில இடத்தில சொல்லுவினம், அதை நான் சொல்லமாட்டன், ஆனா ஒரு இருவது மூலை உருட்டி முடிய தோள் ரெண்டும் கீழ இறங்கியிருக்கும், அது எனக்கு ஒவ்வொருக்காவும் நடக்குது.

அடுத்தது உடம்புப் படம். எங்கட ஆக்கள் கவலையைக் கவலை எண்டு சொல்லமாட்டினம், தலை விறைக்குது, நெஞ்சு பத்தி எரியுது, கால் உளையுது எண்டுதான் சொல்லுவினம். அதையே அப்பிடியே கீறுங்கோ. ஒரு வட்டம் தலை, ஒரு நீட்டுப் பெட்டி உடம்பு, நாலு கோடு கைகால், காணும். எங்க பாரமா இருக்கோ அங்க கறுப்பா நிரப்புங்கோ, எங்க எரியுதோ அங்க சின்னச் சின்னக் கீறு. பிறகு உடம்பில நோகாத ஒரு இடத்தைத் தேடிப் பிடிச்சு அதையும் ஏதாவது போட்டுக் காட்டுங்கோ, முழங்கையோ காதுமடலோ, ஒண்டாவது இருக்கும். அந்த ரெண்டாவதை விடாதேங்கோ.

இனி நான் ஆகப் பெரிசா நினைக்கிறது, விட்டிட்டு வந்த வீட்டைக் கீறுறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில கலை வரலாறு படிப்பிக்கிற ஓவியர் சனாதனன், இடம்பெயர்ந்த ஆக்களிட்ட அவையள் விட்டிட்டு வந்த வீட்டு வரைபடத்தை ஞாபகத்தில இருந்து கீற வைச்சுச் சேர்த்து 2011இல புத்தகமாக் கொண்டுவந்தவர். அதைக் கேள்விப்பட்டுத்தான் நான் பெரியம்மாவிட்டப் போனனான். அவா 1990 ஆனியில மயிலிட்டியில இருந்து உடுத்த உடுப்போட வெளிக்கிட்டவா, பெரியப்பா செத்தாப் பிறகு கதையே நிண்டுபோச்சு, கேட்டா ஓம், இல்லை, அவ்வளவுதான். நான் கலண்டர் தாளை மேசையில பின்பக்கமா விரிச்சு, “பெரியம்மா, மயிலிட்டி வீட்டில கிணறு எந்தப் பக்கம் இருந்தது, எனக்கு ஞாபகம் இல்லை, ஒருக்காக் கீறிக் காட்டுங்கோ” எண்டு மட்டும் கேட்டன். கன நேரம் பேனையைக் கையில வைச்சுக்கொண்டு இருந்தவா. பிறகு தாளின்ர ஒரு மூலையில சின்னதா ஒரு வட்டம், அதுதான் கிணறு. அதில இருந்து ஒரு நீட்டுக் கோடு, துலா. பிறகு படலை, படலையில இருந்து பூவரசு வேலி, தலைவாசல், மூண்டு அறை, அடுப்படி, அடுப்படிக்குப் பின்னால கறுத்தக்கொழும்பான் மாமரம், அந்த மரத்தை வீட்டைவிடப் பெரிசாக் கீறினவா. ஒரு அறையை மட்டும் கீறாமல் வெளியா விட்டவா, ஏனெண்டு நான் கேக்கேல்லை. “இந்த மரத்துக்குக் கீழதான் உங்கட பெரியப்பா சாய்மனைக் கதிரை போடுறவர்” எண்டு சொல்லி அந்த இடத்தில ஒரு சின்னப் புள்ளடி போட்டவா. பிறகு அழுதவா. நான் பக்கத்தில சும்மா இருந்தன். அழுது முடிய முகத்தைத் துடைச்சுப்போட்டு, வேலி இந்தப் பக்கம் பிழையாப் போச்சு, இன்னொரு தாள் தா பிள்ளை எண்டு கேட்டவா.

நீங்கள் செய்யிறதெண்டா படலையில இருந்து தொடங்குங்கோ, உள்ளுக்கு நடந்து போறமாதிரி நினைச்சுக்கொண்டு கையைக் கொண்டுபோங்கோ, அஞ்சு நிமிசம் காணும். அளவு பாக்காதேங்கோ. உங்களுக்குப் பிடிச்ச ஒரு இடத்தில புள்ளடி போடுங்கோ. போக விருப்பமில்லாத அறை இருந்தா அந்தக் கதவடியில நிண்டு திரும்பி வாங்கோ, அது பூட்டியே கிடக்கட்டும். செல் (எறிகணை) விழுந்த நாள், கடைசி நாள், ஆக்களைப் பறிகுடுத்த இடம், இதுகளைத் தனிய இருந்து கீற வெளிக்கிடாதேங்கோ. அதுக்குப் பக்கத்தில பழக்கப்பட்ட உளவளத்துணையாளர் ஒராள் இருக்கவேணும், இதை நான் கட்டாயமாச் சொல்லுறன்.

எதைக் கீறினாலும் கடைசியில இந்த வீட்டுக்கு, இந்த நேரத்துக்குத் திரும்பி வரவேணும். அதுக்கு முன்னால இருக்கிற தேத்தண்ணிக் கோப்பையைப் பாருங்கோ, கோப்பையை மட்டும்தான், தாளைப் பாக்கவே கூடாது. கண் அதின்ர விளிம்பில எறும்பு ஊருற மாதிரி ஊரட்டும், அதே வேகத்தில கையும் போகட்டும், ஒரே கீறா, பேனையைத் தூக்காமல். படம் கோணல்மாணலாத்தான் வரும், எல்லாருக்கும் அப்பிடித்தான். ஒரு நிமிசத்துக்கு நீங்கள் அந்தக் கோப்பையோட மட்டும் இருப்பியள், அதுதான் வேணும்.

சின்னப் பிள்ளையளோட எண்டா வேற மாதிரி. டொனால்ட் வின்னிக்கொட் எண்ட இங்கிலாந்துப் பிள்ளை வைத்தியர் தன்னட்ட வாற பிள்ளையளோட ஒரு விளையாட்டு விளையாடுறவர், அவர் ஒரு கிறுக்குக் கீறுவார், பிள்ளை அதை ஏதாவதொண்டா மாத்தவேணும், பிறகு பிள்ளை கிறுக்கும், அவர் மாத்துவார். வீட்டில இருந்தே செய்யலாம். பிள்ளை எதைக் கீறினாலும் “இது என்ன?” எண்டு நோண்டாதேங்கோ, கறுப்புக் கலர் கூட இருக்கு, ஆக்களுக்குக் கையில்லை எண்டெல்லாம் கருத்துச் சொல்லவே வேண்டாம், “இதைப் பற்றிச் சொல்லப் போறியா?” எண்டு ஒருக்காக் கேளுங்கோ, சொல்லாட்டி விடுங்கோ. பெரியாக்களுக்கும் இதேதான். தாளைக் கண்டு பயப்பிடுற வயசுபோன ஆக்களுக்கு ஒரு தட்டில அரிசியைப் பரவிக் குடுங்கோ, ஏடு தொடக்கேக்க விரலால அ எழுதின கைதானே, கீறிப்போட்டுத் தடவிவிட்டா ஒண்டுமே இருக்காது, அது அவையளுக்கு ஒரு நிம்மதி.

கீறக் கீற அந்தரம் கூடிக்கொண்டே போனா, நித்திரை சாப்பாடு ரெண்டு கிழமைக்கு மேல குழம்பியிருந்தா, உயிரோட இருக்க வேண்டாம் எண்ட யோசனை ஒருக்கா வந்தாக்கூட, பேனையை வைச்சுப்போட்டு இலங்கையில 1926க்குப் போன் அடியுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலயும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலயும் உளநலப் பிரிவு இருக்கு. ஆக்கள் காணுவினம் எண்டு யோசிக்காதேங்கோ, காய்ச்சலுக்குப் போற மாதிரித்தான்.

கீறின தாளை ஆருக்கும் காட்டத் தேவையில்லை, போனில படமெடுத்துப் போடாதேங்கோ, போட்டா அடுத்தமுறை மற்றவைக்காகத்தான் கை கீறும். ஒரு மூலையில திகதியைப் போடுங்கோ. கோவத்தில கீறினதுகளை நான் குப்பை கொழுத்தேக்க அதோட சேர்த்துக் கொழுத்திடுவன். வீட்டுப் படங்களை வைச்சிருங்கோ, மழைக்காலத்தில தாள் ஈரம் இழுக்கும், ஒரு பொலித்தீன் பையில போட்டு அலுமாரியின்ர மேல்தட்டில வையுங்கோ. பெரியம்மாவின்ர பையில இப்ப ஒன்பது தாள் இருக்கு.