டெல்டா நெல் வயலில் நுண்ணுயிர் உரம் இடும் முறை

நெல்லுக்குரிய நுண்ணுயிர் உரங்களில் அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் முதன்மையானவை. முன்னது வேரை ஒட்டி வாழ்ந்து காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) நிலைநிறுத்துகிறது. பின்னது அங்கக அமிலங்களைச் சுரந்து, மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) பயிர் எடுத்துக்கொள்ளும் வடிவுக்கு மாற்றுகிறது. பட்டந்தோறும் (பருவந்தோறும்) மணிச்சத்து மிகுந்த டிஏபி உரம் இட்டுவந்த வயல்களில் இந்த இரண்டாவதற்கு வேலை அதிகம். ரைசோபியம் பொட்டலத்தை நெல்லுக்கென்று வாங்கிவிடக் கூடாது; அது தாளடி எனும் இரண்டாம் போக நெல்லுக்குப் பின் வரும் உளுந்துக்கும் பயறுக்கும் உரியது.

விதை நேர்த்திக்கு, ஒரு ஹெக்டேர் நடவுக்கான விதையை ஊறவைக்கும் நீரில் வகைக்கு 600 கிராம் கலந்து, இரவு முழுவதும் ஊறவிட்டு முளைகட்ட வேண்டும். வடித்த நீரை நாற்றங்காலிலேயே ஊற்றிவிடலாம். பூஞ்சாணக் கொல்லியால் விதை நேர்த்தி செய்திருந்தால் ஒரு நாள் இடைவெளி அவசியம்.

பலரும் ஆள் கூலிக்கு அஞ்சித் தவிர்ப்பது நாற்றின் வேரை நனைக்கும் முறையைத்தான். ஆனால் நுண்ணுயிர் நேராக வேரில் ஒட்டுவதால், செலவிடும் பொட்டலத்துக்கு அதிகப் பயன் தருவது அதுவே. ஏக்கருக்கு வகைக்கு இரண்டு பொட்டலம், அதாவது 400 கிராம் எடுத்து, சுமார் 16 லிட்டர் நீரில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். நாற்றைப் பறித்ததும் வேரில் அப்பியிருக்கும் சேற்றை அலசி, நாற்று முடிகளை (கட்டுகளை) வேர்ப்பகுதி மட்டும் மூழ்கும்படி 15 முதல் 30 நிமிடம் நிறுத்தி வைத்து, வெயில் ஏறுவதற்குள் நட்டுவிடுவது நல்லது.

இயந்திர நடவில் இது இயலாது. அங்கே வகைக்கு நான்கு பொட்டலத்தை, ஏக்கருக்கு 10 கிலோ மக்கிய தொழு உரத்துடனும் அதே அளவு மண்ணுடனும் கலந்து, பரம்படித்த (சேற்றைச் சமன்செய்த) பின் நடவுக்கு முன்பாகச் சீராகத் தூவ வேண்டும். டெல்டாவில் இது பெரும்பாலும் பலனின்றிப் போவது தண்ணீரால்தான். வயலுக்கு வயல் நீர் பாயும் இடங்களில் மடையை அடைக்காமல் தூவினால், இட்டது பக்கத்து வயலுக்கோ வடிகாலுக்கோ போய்ச் சேரும். தூவுவதற்கு முன்பே நீர் வரும் வாய்மடையையும் நீர் வெளியேறும் வடிமடையையும் அடைத்து, மெல்லிய நீர் மட்டும் நிறுத்துவது நலம். யூரியா, துத்தநாக சல்பேட், பூச்சிமருந்து ஆகிய எதையும் இதனுடன் ஒரே கூடையில் கலக்கக் கூடாது.

பொட்டலத்தில் இருப்பவை உயிருள்ளவை. காலாவதி நாளைப் பார்த்து வாங்கி, வெயிலும் சூடும் படாத இடத்தில் வைக்க வேண்டும். தகரக் கொட்டகையில் உர மூட்டைகளின் மேல் போட்டுவைத்தால் நடவுக்கு முன்பே அவை செத்துவிடும். இவற்றை நம்பி யூரியாவை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். மண் பரிசோதனைப்படி இடவேண்டிய தழைச்சத்தில் கால் பங்கு வரை குறைக்கலாம். முதல் பட்டத்தில் அதையும் ஒரு மா (சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) நிலத்தில் மட்டும் செய்து, தூர்களின் எண்ணிக்கையையும் இலைப் பசுமையையும் மற்ற வயலோடு ஒப்பிட்டு, அதன்பின் எஞ்சிய நிலத்துக்கு விரிவாக்கலாம்.