டிஸ்பிளே விலையை முதலில் கேளுங்கள்

இலங்கையின் வன்னிப் பகுதியில், புதுக்குடியிருப்புச் சந்தைக்குக் கிட்ட ஒரு சின்ன அறையில் போன் திருத்துகிறேன். மேசைக்குக் கீழே பழைய பிஸ்கட் பேணி ஒன்று இருக்கிறது. அதற்குள் 17 போன்கள். ஒன்றும் செத்தவை அல்ல. சார்ஜ் ஏற்றினால் அதிரும், அழைப்பு வந்தால் மணியடிக்கும், வட்ஸ்அப் செய்தி விழும் சத்தமும் கேட்கும். திரையில்தான் ஒன்றும் தெரியாது. மாற்றுத் திரை எங்கும் அகப்படாததால் பேணிக்குள் வந்து சேர்ந்தவை.

எல்லாவற்றுக்கும் மேலே கிடப்பது, எங்கள் ஒழுங்கைக்குக் காலையில் பால் கொண்டுவரும் பெரியம்மாவுடையது. கன்றை அவிழ்க்கக் குனிந்தபோது மடியிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தது. வாங்கி ஐந்து மாதம்தான். விலை 28,500 ரூபா. "பெட்டியோடு கொண்டுவந்திருக்கிறேன், பார் தம்பி" என்று பெட்டியையும் நீட்டினார். அதிலிருந்த பெயரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. வவுனியாவில் கேட்டேன், யாழ்ப்பாணத்தில் கேட்டேன், கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் உதிரிப்பாகம் விற்பவர்கள் நான்கு பேருக்கு மாடல் எண்ணை அனுப்பினேன். மூவர் இல்லை என்றார்கள். நான்காமவர், "அது என்ன போன் அண்ணை?" என்று என்னிடமே கேட்டார்.

அதனால்தான், அதிகம் பெயர் தெரியாத கம்பனியின் மலிவான போனை வாங்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது: போனின் விலையைக் கேட்பதற்கு முன் அதன் டிஸ்பிளே விலையைக் கேளுங்கள். விற்கும் கடையில் அல்ல, திருத்தும் கடையில்.

பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். விளம்பரப் பெயரை வைத்து உதிரிப்பாகம் தேட முடியாது. இன்பினிக்ஸ் ஸ்மார்ட் 8 என்று நீங்கள் சொல்வதை நாங்கள் எக்ஸ்6525 என்று தேடுவோம். அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து, உங்கள் ஊரில் போன் திருத்துபவருக்கு அனுப்புங்கள். டிஸ்பிளே இருக்கிறதா, மாற்ற எவ்வளவு செலவாகும் என்று கேளுங்கள். போன் விலையில் கால்வாசிக்குள் மாற்றலாம் என்றால் வாங்கலாம். பாதி விலை என்றால் யோசியுங்கள். "பார்த்துச் சொல்கிறேன்" என்று அவர் இழுத்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இழுப்பதன் பொருள் எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் இழுப்பேன்.

கூடவே சார்ஜர் வயரைச் செருகும் பின்னைப் பற்றியும் கேளுங்கள். பெரும்பாலான மலிவுப் போன்களில் அது தனியாக ஒரு சின்னப் பலகையில் இருக்கும். நாடாவைக் கழற்றிப் பலகையை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. சிலவற்றில் பிரதான பலகையிலேயே ஈயத்தால் ஒட்டியிருப்பார்கள். வன்னிப் புழுதிக்கும், மோட்டார் சைக்கிளில் தொங்கிக்கொண்டே சார்ஜ் ஏறும் பழக்கத்துக்கும் இந்தப் பின்தான் முதலில் போகிறது. என் மேசைக்கு வருபவற்றில் திரைக்கு அடுத்த இடம் இதற்கு.

பெயர் தெரியாதவற்றிலும் வகை உண்டு

பெயர் தெரியாது என்பதற்காக ஒதுக்கிவிடவும் கூடாது. டெக்னோ, இன்பினிக்ஸ், ஐடெல் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சீனாவின் சென்சென் நகரில் இருக்கும் டிரான்ஷன் என்ற கம்பனியுடையவை. 2006இல் தொடங்கி, ஆபிரிக்கச் சந்தையைக் குறிவைத்து வளர்ந்த கம்பனி அது. மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊர், இரண்டு சிம் வைத்திருக்கும் சனம், காசு பார்த்துச் செலவழிக்கும் வீடு என்று யோசித்துச் செய்யப்பட்டவை நமக்குப் பொருந்துவதில் வியப்பில்லை. ஒரே வீடு என்பதால் பலவேளைகளில் ஒன்றின் டிஸ்பிளே மற்றதற்குச் சரியாக அமர்ந்துவிடும். திருத்துபவனுக்கு அது பெரிய நிம்மதி.

பிளாக்வியூ, டூஜி, யூலிபோன் போன்ற தடித்த போன்கள் வேறு வகை. தண்ணீர் போகாது, விழுந்தாலும் தாங்கும் என்று விற்பார்கள். வயலில் நிற்பவர்கள் ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் அவற்றின் பாகங்கள் நம் பக்கம் அரிது. தாங்கும் வரை தாங்கும், தாங்காத நாளில் பேணிதான். பாரமும் அதிகம், சட்டைப்பை கிழியும்.

மூன்றாவது வகையை என்னவென்று சொல்வது? ஒரு நாள் விசுவமடுவிலிருந்து ஓர் இளைஞன் போன் ஒன்று கொண்டுவந்தான். பெட்டியில் 16 ஜிபி ரேம், 512 ஜிபி சேமிப்பு. வாங்கிய விலை 24,000. பின்னால் நான்கு கமரா, பார்க்க ஒரு பெரிய கம்பனியின் விலை உயர்ந்த போன் மாதிரியே இருந்தது. படம் எடுத்தால் புகைக்குள் எடுத்தது போல வருகிறது என்றான். சூடு காட்டிப் பின்மூடியைக் கழற்றினேன். நான்கு கண்ணாடி வளையங்களில் ஒன்றின் கீழ் மட்டும் கமரா இருந்தது. மற்ற மூன்றின் கீழும் கறுப்புக் கடதாசி, வட்டமாக வெட்டி ஒட்டியது. அவன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. உள்ளே போனின் மூளையாக இருந்த சிப் எம்டி6580. நான்கே கருக்கள் (கோர்) கொண்டது, 4ஜியே கிடையாது. திரையின் மூலையில் 4ஜி என்று காட்டியது வெறும் படம்.

இப்படிப்பட்டதைப் பெரும்பாலும் கடையிலேயே பிடிக்கலாம். சிபியு-இசட் என்ற இலவசச் செயலியை இறக்கி உண்மையான சிப்பைப் பாருங்கள். யூனிசொக் டி606, மீடியாடெக் ஹீலியோ ஜி85 போன்ற பெயர்கள் வந்தால், இந்த விலைக்கு நல்லவை. எஸ்சி9863ஏ வந்தால் வட்ஸ்அப்புக்கும் யூடியூபுக்கும் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ரேம் "8 ஜிபி" என்று பெரிதாகப் போட்டுக் கீழே சின்ன எழுத்தில் 4+4 என்று இருந்தால், உண்மையான ரேம் 4 மட்டுமே. மற்ற 4 சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது, வேகம் தராது. 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் இல்லாமல் இப்போது வாங்க வேண்டாம். 32 ஜிபி போனை கனடாவிலிருந்து வரும் கல்யாண வீட்டு வீடியோக்கள் இரண்டு மாதத்தில் நிரப்பிவிடும்.

கமராவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பிரதான கமரா ஒன்று ஒழுங்காக இருந்தால் போதும். பக்கத்தில் இருக்கும் 2 மெகாபிக்சல் கண்கள் அலங்காரம்.

அலை

வன்னியில் போன் வாங்குவது அலை, அதாவது சிக்னல், வாங்குவதற்கு. 2020, 2021இல் பிள்ளைகளுக்குப் பாடம் போனில் நடந்தபோது, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் குளக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. வீட்டில் ஒரு வலையமைப்பு, வயலில் இன்னொன்று என்பதுதான் இன்றைக்கும் பல ஊர்களில் நிலைமை. அதனால் இரண்டு சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறதா என்று சிம் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். சிலவற்றில் கார்டு போட்டால் இரண்டாவது சிம்மைக் கழற்ற வேண்டும்.

பெட்டியில் 4ஜி என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. எந்த அலைவரிசை என்பதையும் பார்க்க வேண்டும். 4ஜிக்கு இலங்கையில் முக்கியமானது 1800 மெகாஹேட்ஸ், அதாவது பாண்ட் 3. அதோடு பாண்ட் 1, பாண்ட் 8 இரண்டும் இருந்தால் நல்லது. பாண்ட் 8 என்பது 900 மெகாஹேட்ஸ். அலைவரிசை குறையக் குறைய அலை தூரம் போகும், மரத்தையும் சுவரையும் கொஞ்சம் கூடத் தாண்டும். வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவரும் போன்களில் இந்தச் சிக்கல் அதிகம். வேறொரு நாட்டு அலைவரிசைக்குச் செய்யப்பட்டதாக இருக்கும், அல்லது அங்குள்ள கம்பனியின் சிம் மட்டும் வேலை செய்யும்படி பூட்டியிருக்கும். பூட்டைத் திறக்கச் சொல்லி அங்கேயே கேட்டுவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

உங்கள் சிம்மைப் போட்டு யாருக்காவது அழைப்பெடுங்கள். கதைக்கும்போது மேலே 4ஜி அடையாளம் நிற்கிறதா, 2ஜிக்கு இறங்குகிறதா? இறங்கினால் அந்தப் போனில் 4ஜி வழியாகக் கதைக்கும் வசதி உங்கள் வலையமைப்புடன் ஒத்துப்போகவில்லை. பெயர் தெரியாத கம்பனிகளில் இது அடிக்கடி நடக்கும்.

அதே அழைப்பில் போனைக் காதில் வையுங்கள், திரை அணைகிறதா பாருங்கள். அணையாவிட்டால் கதைத்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கன்னம் அழைப்பைத் துண்டிக்கும். பிறகு கடைக்கு வெளியே வெயிலில் போய் நில்லுங்கள். நிழலில் அழகாகத் தெரிந்த திரை பங்குனி வெயிலில் கறுப்புக் கண்ணாடி ஆகிவிடலாம். ஒலிபெருக்கியைத் தெருவோரத்தில் போட்டுக் கேளுங்கள். உழவு இயந்திரம் போகும்போது மணி கேட்காத போன் விவசாயிக்கு எதற்கு?

காசைக் கொடுப்பதற்கு முன்

*#06# அழுத்தினால் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பெட்டியில் இருப்பதும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஐஎம்இஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து, 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். பதில் வரும் வரை காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

பிளே ஸ்டோரின் அமைப்புகளில் எபவுட் (About) என்ற பகுதியைத் திறந்தால் சாதனம் கூகுளால் சான்றளிக்கப்பட்டதா என்று எழுதியிருக்கும். இல்லை என்றால் வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கள்ளச் செயலி உள்ளே இருந்த மலிவுப் போன்கள் உண்டு. 2019இல் கூகுளே அதை உறுதிப்படுத்தியது. ரீலோட் போட்ட காசு தானாகக் கரைகிறது என்று என்னிடம் வருபவர்களின் போனில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். போனின் விவரப் பக்கத்தில் பாதுகாப்புப் புதுப்பிப்பின் திகதியும் இருக்கும். அது இரண்டு வருடம் பழையது என்றால் வங்கிச் செயலியை அதில் ஏற்றாதீர்கள்.

உத்தரவாதம் என்றால் யாருடையது என்று கேளுங்கள். கம்பனி வாரண்டி வேறு, கடை வாரண்டி வேறு. சேவை நிலையம் கொழும்பில் மட்டும் என்றால் ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் போன் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டில் ஐஎம்இஐ எண்ணை எழுதச் சொல்லி வாங்குங்கள். பிறகு தகராறு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்க அந்தச் சீட்டு வேண்டும்.

காலபோக அறுவடை முடிந்த கையோடு போன் வாங்குகிறவர்கள் பலர். அப்போது அவசரப்படாமல் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கு நான் காசு கேட்பதில்லை. பின்னால் திரை மாற்ற என்னிடம்தானே வரப் போகிறார்கள்.

பெரியம்மா இப்போது வேறொரு போன் வைத்திருக்கிறார். இந்த முறை மாடல் எண்ணை ஒரு துண்டில் எழுதி என்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் வாங்கினார். பழையதைத் திருப்பிக் கேட்கவில்லை. அதன் ஒலிபெருக்கியைக் கழற்றிப் போன மாதம் ஒருவரின் போனில் போட்டேன், நன்றாகவே கேட்கிறது.