ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்: அழகான கிரகக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்கலம் இறங்குகிறது. பச்சைப் புல்வெளி, நீல ஏரி. கேப்டன் கருவியைப் பார்த்து "ஆக்சிஜன் 21 சதவீதம்" என்கிறார். எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு பூச்செடி ஆளை விழுங்குகிறது. அறிவியல் புனைகதை எழுத வருகிற பலரும் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். பூச்செடி இருந்துவிட்டுப் போகட்டும். பிழை அதற்கு முன்பே, அந்த 21 சதவீதத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஆளைக் கொல்ல மீதி 79 சதவீதம் போதும். பூமியின் காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம்தான். அது 10 சதவீதத்தைத் தொட்டால், ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். இதற்கு வேற்றுக் கிரகம்கூட வேண்டியதில்லை. 1986 ஆகஸ்ட் 21 இரவு, ஆப்பிரிக்காவின் கேமரூனில் நியோஸ் என்ற எரிமலை ஏரியின் அடியில் கரைந்து கிடந்த இந்த வாயு திடீரென்று பொங்கி வெளியேறியது. காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்தாக்குகள் வழியே இறங்கி, சுமார் 1,700 பேரை உயிரிழக்க வைத்தது. உங்கள் கதையிலும் மேட்டில் கூடாரம் அடித்தவர் பிழைக்க, காட்சி நன்றாக இருக்கிறதென்று ஏரிக்கரையில் படுத்தவர் எழாமல் போகலாம். ராட்சதப் பூவைவிட இது பயங்கரம்.

ஆக்சிஜன் கூடினாலும் ஆபத்துதான். 1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1 கலத்தில் தரையிலேயே ஒத்திகை நடந்தபோது, தூய ஆக்சிஜன் நிரம்பிய அறைக்குள் தீப்பற்றி மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். கிரகத்தின் காற்றில் 35 சதவீதம் ஆக்சிஜன் வைத்துவிட்டு, அங்கே ஆயிரமாண்டுப் பெருங்காடு நிற்கிறது என்று எழுதினால், காட்டுத்தீயை மறக்காதீர்கள். மின்னல் விழுந்தால் எளிதில் பற்றிக்கொள்ளும்.

அடுத்த தவறு, ஆய்வாளர்களை முட்டாள்களாக்குவது. அவர்கள் மடையர்களாக இருந்தால்தான் கதை நகரும் என்றால், கோளாறு கதையில். ஏமாறுவதற்கு நல்ல காரணம் கொடுங்கள். வெள்ளி கிட்டத்தட்ட பூமியின் அளவுதான். அதை அடர்ந்த மேகம் மூடியிருக்கிறது. மேகமென்றால் நீர்தானே? நோபல் பரிசு பெற்ற ஸ்வாந்தே அர்ரேனியஸ், 1918இல் வெள்ளியைச் சதுப்பும் செடிகொடியும் நிறைந்த ஈர உலகமாகவே எழுதினார். 1962இல் அமெரிக்க விண்கலம் மரைனர் 2 அருகே பறந்து அளந்தபோது வெந்து கிடக்கும் உலகம் தெரிந்தது. தரையில் சுமார் 465 டிகிரி செல்சியஸ், பூமியைப்போல் 90 மடங்கு அழுத்தம். மேகமோ கந்தக அமிலம். 1982இல் இறங்கிய சோவியத் கலம் வெனெரா 13 அங்கே 127 நிமிடம் தாக்குப்பிடித்ததே சாதனை. அறிவாளி, கையிலிருந்த தகவலை வைத்து, முறையாக யோசித்தே தப்பாகப் போவது: கதைக்கு வேண்டியது இதுதான்.

செந்நிறக் குறுமீனை, அதாவது சிறிய, மங்கலான சிவப்பு விண்மீனை, சுற்றும் கிரகமென்றால் அந்தச் சூரியனையும் கவனியுங்கள். 2016இல் அறிவிக்கப்பட்ட பிராக்சிமா பி என்ற கிரகம், தன் விண்மீனை வெறும் 11 நாளில் சுற்றிவிடுகிறது, அவ்வளவு நெருக்கம். அந்த விண்மீனோ அடிக்கடி கதிர்வீச்சைக் கக்கும் ரகம்.

வேற்றுக் கிரக வைரஸ் ஒரே மணி நேரத்தில் மனிதரைத் தொற்றுவதையும் விட்டுவிடலாம். நம் செல்களோடு பழகி வளராத கிருமிக்கு அந்தப் பூட்டுக்குச் சாவி கிடைப்பது கடினம். சாப்பாட்டில் இன்னும் நல்ல வில்லன் இருக்கிறது. நம் உடல் பயன்படுத்தும் குளுக்கோஸின் கண்ணாடிப் பிம்பமான எல்-குளுக்கோஸ் நாக்குக்கு இனிக்கும், உடலுக்கு எரிபொருளாகாது. உயிர்கள் எல்லாம் அப்படித் திரும்பிய மூலக்கூறுகளால் ஆன கிரகத்தில் பழம் தித்திக்கும், வயிறும் நிறையும். வயிறு நிறையத் தின்றும் குழுவில் எல்லோருக்கும் எடை குறைவதை மருத்துவர் கவனிக்கும் நாளிலிருந்து கதையைத் தொடங்கிப் பாருங்கள்.