குடையைப் பார்க்காதே, காலைப் பார்

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் ஊற்றிவிட்டு, மூன்றாம் நாள் காலையில் சுள்ளென்று வெயில் அடித்தால் எங்கள் அப்பாயிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஓலைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பின்னாலேயே நான். வலங்கைமான் பக்கம் எங்கள் ஊரில் வயல்களுக்கு நடுவே மேடாக ஒரு திடல் இருக்கிறது. கொஞ்சம் பனை, ஒரு மூங்கில் கொத்து, நாலைந்து கறையான் புற்று. "நேத்து இடிச்ச இடிக்குக் காளான் வந்திருக்கும்டா" என்பாள். இடியா மழையா என்று நான் வாதம் பண்ணியதில்லை. போனால் வந்திருக்கும்.

வெள்ளையாக எது கண்ணில் பட்டாலும் ஓடுவேன். "டேய், குடையைப் பாக்காதடா, காலைப் பாரு" என்று பின்னாலிருந்து அதட்டல் வரும். முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. காளான் தேட என்னோடு வருகிறவர்களிடம் இப்போது நானும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

நம் டெல்டாவில் தேடிப் போக இரண்டு போதும். ஒன்று புற்றுக் காளான். இன்னொன்று, மழையில் நனைந்து மக்கிய வைக்கோல் போர் அடியில் வரும் வைக்கோல் காளான். தின்னக்கூடியது இன்னும் பத்து வகை இருக்கட்டும், எனக்கு வேண்டாம். நானே இரண்டைத்தான் நம்புகிறேன்.

புற்றுக் காளான்

இதை யாராலும் வளர்க்க முடியாது, கறையானைத் தவிர. டெர்மிடோமைசிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். கறையான் இலை, தாள், சுள்ளி எல்லாவற்றையும் மென்று கொண்டுபோய், மண்ணுக்கடியில் தேனடை மாதிரி ஓர் அடை கட்டுகிறது. அதன்மேல் வெள்ளைப் பூசணம் வளர்க்கிறது. பூசணம் பதப்படுத்தித் தருவதைத்தான் அது தின்கிறது. மனிதன் நெல் விதைக்கப் பழகுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வெள்ளாமை இது. நாம் பறிப்பது அந்த வெள்ளாமையின் பூ மாதிரி.

அடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் காளான் கிளம்பும். அதனால் சில சமயம் புற்றை விட்டு நாலு முழம் தள்ளிச் சமதரையிலும் வரும். ஒரு வருஷம் வந்த இடத்தில் மறுவருஷமும் ஏறக்குறைய அதே சமயத்தில் வரும். அப்பாயிக்கு எல்லாம் மனப்பாடம். எனக்கு அந்த ஞாபகசக்தி இல்லை. தினசரி நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது பின்பக்கம் எழுதிச் செருகி வைக்கிறேன்: 'மூங்கிலுக்குக் கிழக்கே, ஐப்பசி 9'.

இப்போது காலைப் பார்க்கிற விஷயம். காளானைப் பிடுங்காமல், தண்டைச் சுற்றி விரலால் மண்ணை விலக்குங்கள். புற்றுக் காளான் என்றால் தண்டு முடிந்த இடத்தில் கனத்த வேர் ஒன்று கீழே போய்க்கொண்டே இருக்கும். ஒரு சாண், சில இடத்தில் ஒரு முழம்கூடப் போகும். குடையின் நடுவில் எழுத்தாணி முனை மாதிரி ஒரு கூர் இருக்கும். மண்ணை முட்டிக்கொண்டு மேலே வர அது வேண்டும். வேருக்குப் பதிலாக அடியில் ஒரு பையோ, உடைந்த முட்டையோடு போல ஒரு கிண்ணமோ தட்டுப்பட்டால் அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

மண்ணில், அடியில் கிண்ணமும் தண்டில் பாவாடை மாதிரி வளையமும் வைத்துக்கொண்டு குடைக்கு அடியில் வெள்ளை மடிப்போடு நிற்பது அமானிட்டா இனமாக இருக்கலாம். அதில் ஆளைக் கொல்கிற வகைகள் உண்டு. சாப்பிட்ட உடனே ஒன்றும் செய்யாது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அப்புறம் ஒரு நாள் குணமான மாதிரி இருக்கும். அதற்குள் ஈரல் கெட்டிருக்கும். வேக வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மஞ்சள் போட்டால் நிறம் மாறும், வெள்ளிக்காசு போட்டால் கறுக்கும், பூச்சி தின்றால் நாமும் தின்னலாம் என்று ஊரில் சொல்வதெல்லாம் வெறும் பேச்சு. இதை நம்பிக் குழம்பு வைக்காதீர்கள்.

நான் பட்டது வேறு வகை. இருபத்திரண்டு வயதில், புல்தரையில் தட்டு அகலத்துக்கு வெள்ளையாக, மேலே பழுப்புச் செதிலோடு வட்டமாக முளைத்திருந்ததைப் பறித்துக்கொண்டு வந்தேன். அப்பாயி அப்போது இல்லை. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி. இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் எழுந்து உட்கார்ந்தேன். அதன் மடிப்பிலிருந்து விதை மாதிரி உதிரும் தூள் பச்சையாக இருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதலிலேயே தூள் எடுத்துப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன்.

தூள் எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விரிந்த குடையைத் தண்டிலிருந்து வெட்டி, மடிப்பு கீழே பார்க்கும்படி காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி ராத்திரி விட்டுவிடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை நல்லது. பாதிக் குடை கறுப்பு நிறத்திலும் பாதி வெள்ளையிலும் படும்படி வைத்தால் எந்த நிறத் தூளும் தெரியும். புற்றுக் காளான் வெளிறிய இளஞ்சிவப்பாகத் தூவும். வைக்கோல் காளான் கொஞ்சம் பழுப்புக் கலந்த இளஞ்சிவப்பு. வெள்ளையோ பச்சையோ வந்தால் குப்பைக்குழிக்கு. ஆனால் இளஞ்சிவப்பு என்பதற்காக மட்டும் தின்றுவிடவும் கூடாது. இளஞ்சிவப்பாகத் தூவும் நச்சுக் காளானும் உண்டு. கால், குடை, தூள், முளைத்த இடம், நான்கும் சேர வேண்டும். முதல் மழைக்காலத்தில் பறிக்கவே பறிக்காதீர்கள். தெரிந்த பெரியவர் யாரோடாவது போய்ச் சும்மா பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்த வருஷம் முதல்முறை சமைக்கும்போது இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள். சமைக்காத காளான் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வையுங்கள். ஏதாவது ஆனால் 108-க்குக் கூப்பிட்டு, அதையும் கையோடு கொண்டுபோங்கள். வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டில் படுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கே பறிக்கக் கூடாது என்பதும் உண்டு. குருணை மருந்து போட்ட வயல் வரப்பு, தார்ச்சாலை ஓரம், கறையானுக்கு மருந்து ஊற்றிய புற்று. சுற்றிலும் இருப்பதையெல்லாம் காளான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மஞ்சள் பூசிப் பால் வைக்கும் புற்றிலும் நாங்கள் கை வைப்பதில்லை. புன்னைநல்லூர் மாரியம்மன் திருமேனியே புற்று மண் என்று கும்பிடுகிற ஊர் நம்முடையது. பக்தி இல்லாதவர்கள் பாம்பை நினைத்துக்கொள்ளுங்கள். காலில் செருப்பு, கையில் தடி, நன்றாக விடிந்த பிறகு.

மூன்றில் ஒரு பங்கு நிற்கட்டும்

அப்பாயி எப்போதும் கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் வருவாள். "அது கறையானுக்குடா" என்பாள். கறையானுக்கு எதற்கு, அதுதான் உள்ளே வைத்திருக்கிறதே என்று கேட்டிருக்கிறேன். வெற்றிலையை மென்றுகொண்டே நடந்துவிடுவாள்.

விஷயம் பின்னால்தான் எனக்கு விளங்கியது. மழைக்கு ஈசல் கிளம்புகிறதல்லவா, அதில் பிழைத்த ஒரு ஜோடி மண்ணுக்குள் புதுக் குடும்பம் தொடங்கும். பெரும்பாலான வகைகளில் அந்த ஜோடி வெறுங்கையோடுதான் போகிறது, பூசணத்தைக் கொண்டுபோவதில்லை. அவற்றின் முதல் குஞ்சுகள் பெரிதாகி வெளியே இரை தேட வரும்போதுதான், காளான் உதிர்த்த தூளை இலை தழையோடு சேர்த்து உள்ளே கொண்டுபோகின்றன. நாம் கூர்விட்ட மொட்டு முதல் விரிந்த குடை வரை வழித்துக்கொண்டு வந்துவிட்டால், பக்கத்துத் திடலில் உண்டாக வேண்டிய புற்றுக்கு விதைநெல் இல்லை.

அதனால் என் கணக்கு மூன்றில் ஒரு பங்கு. அதுவும் நன்றாக விரிந்து, ஓரம் கிழிந்து தொங்குகிற குடைகளை விட வேண்டும். அவைதான் தூள் உதிர்ப்பவை, ருசியும் அவற்றில் குறைவு. அடையாளம் தெரிந்தபின் வேரோடு தோண்டாதீர்கள், தண்டை மண் மட்டத்தில் அறுத்தால் போதும். புற்றை இடிக்காமல் இருந்தால் அடுத்த வருஷமும் அங்கே வரலாம். எங்கள் திடலில் இரண்டு புற்று பொக்லைன் வந்த அன்றைக்கே போயிற்று. அந்த இரண்டு தாள்கள் நாட்காட்டியில் இன்னும் செருகியபடியே இருக்கின்றன.

ஆசைக்கு வைக்கோல் காளான்

மூன்றில் ஒரு பங்கு விட மனசு வராதவர்களுக்கு நான் சொல்வது, வீட்டில் வளருங்கள். டெல்டாவில் வைக்கோலுக்கா பஞ்சம்? கோயம்புத்தூரில் 1940களிலேயே வைக்கோல் காளானை வளர்த்திருக்கிறார்கள். 30 முதல் 35 டிகிரி வெப்பம் இதற்கு ரொம்பப் பிடிக்கும். சம்பா அறுத்த வைக்கோல் தை, மாசியில் வீட்டுக்கு வரும். பங்குனியில் தொடங்கி ஆவணி வரை படுக்கை போடலாம்.

வைக்கோல்தான் முக்கியம். இயந்திரம் அறுத்தது நசுங்கித் துண்டு துண்டாகக் கிடக்கும், பிரி கட்ட நிற்காது. இதற்காகவே கால் மா நிலத்தை மட்டும் கையால் அறுக்கிறேன். ஆள் கூலி கொடுக்கும்போது வீட்டில் முணுமுணுப்பு வரும், அது வேறு கதை. வைக்கோல் பொன் நிறமாக, பூஞ்சை வாடை இல்லாமல் இருக்க வேண்டும்.

கைக்கு அடங்கும் பருமனில், இரண்டு முழ நீளத்தில் பிரிகளாகக் கட்டுங்கள். ஒரு பிரி முக்கால் கிலோ வரும். ஒரு படுக்கைக்கு 32 பிரி. ராத்திரி முழுக்கத் தொட்டியில் அமுக்கிப் போட்டு, மேலே கல் வையுங்கள். காலையில் எடுத்துச் சாய்வாக வைத்து வடிய விடுங்கள். ஒரு கைப்பிடியை முறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு விழலாம், ஒழுகக் கூடாது.

கொட்டகையில் செங்கல் அடுக்கி, மேலே மூங்கில் பத்தை பரப்புங்கள். நான்கு பிரியை அடிப்பக்கம் ஒருபுறமாகவும், அவற்றின்மேல் நான்கை எதிர்ப்புறமாகவும் வைத்தால் ஓர் அடுக்கு. ஓரத்திலிருந்து நாலு விரல் உள்ளே தள்ளி, சுற்றிலும் காளான் விதையை, அதாவது பூசணம் படரவிட்டு விற்கிற கலவையை, கிள்ளிக் கிள்ளி வைத்து, கொஞ்சம் கடலை மாவு தூவுங்கள். இப்படி நான்கு அடுக்கு. மொத்தம் 400 கிராம் விதை, ஒரு டம்ளர் மாவு. கையால் நன்றாக அமுக்கிவிட்டு, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் மூடிவிடுங்கள்.

விதை வாங்கும்போது வெள்ளை இழைகளுக்கு நடுவே இளஞ்சிவப்புப் பழுப்பாகப் புள்ளிகள் இருந்தால் பயப்படாதீர்கள், முற்றிய விதைக்கு அதுதான் அடையாளம். என் முதல் படுக்கையில் ஒரு மொட்டுகூட வரவில்லை. காரணம் வீட்டு ஃபிரிட்ஜ். மாவு மாதிரி கெட்டுவிடுமே என்று விதையை நாலு நாள் உள்ளே வைத்துவிட்டோம். இந்தக் காளானுக்குக் குளிர் ஆகாது, செத்துப்போகும். பறித்த காளானையும் ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கூழாகிவிடும்.

ஏழெட்டு நாளில் வெள்ளைப் பூசணம் ஓடியிருக்கும். தாளை எடுத்துவிட்டு, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். வாளியால் ஊற்றாதீர்கள். இன்னும் நாலைந்து நாளில் குண்டூசித் தலைகள், அப்புறம் காடை முட்டை மாதிரி சாம்பல் நிற மொட்டுகள். முட்டையாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். காலையில் முட்டை, சாயங்காலம் குடை, அவ்வளவு வேகம். அதனால் நாளைக்கு இரண்டு தடவை பாருங்கள். 24 கிலோ வைக்கோலுக்கு இரண்டரை கிலோ கிடைத்தால் நல்ல படுக்கை. ஒல்லியாக, சாம்பல் நிறத்தில் கிளம்பி மை மாதிரி கரைந்து ஒழுகும் காளான்கள் தலை காட்டினால் பிடுங்கி எறிந்துவிட்டுத் தண்ணீரைக் குறையுங்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? கொட்டகையில் முட்டையாகப் பறிக்கச் சொல்கிறேன். வெளியே, பழைய போர் அடியில் என்றால் முட்டையைத் தொடவே கூடாது. அமானிட்டாவும் முட்டையிலிருந்துதான் வருகிறது. வெளியே உள்ளது விரிந்து, மடிப்பு இளஞ்சிவப்பாகி, அடியில் கிண்ணம் இருக்கிறது, தண்டில் வளையம் இல்லை, வேர் பிடித்திருப்பது வைக்கோலில்தான் என்று பார்த்த பிறகே கூடைக்கு.

கார்த்திகைக்கு மேல் குளிர் வந்துவிட்டால் சிப்பிக் காளானுக்கு மாறிவிடுவேன். வைக்கோலைத் துண்டாக்கி, வேகவைத்துப் பையில் அடைப்பது. கோடையில் வேறு ருசி வேண்டுமென்றால் பால் காளான், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம். இரண்டையும் எழுத்தில் படிப்பதைவிட நேரில் ஒருமுறை பார்ப்பது மேல். நீடாமங்கலத்திலோ சிக்கலிலோ உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எப்போது என்று கேட்டுப் பாருங்கள்.

ஓய்ந்த படுக்கையை உதறித் தென்னைக்கு அடியில் போட்டுவிடுவேன். மழை வந்தால் அதிலிருந்தும் நாலைந்து முளைக்கும். பேரப்பிள்ளைகள் "தாத்தா, நம்ம காளான்" என்று ஓடிவருவார்கள். கொட்டகையை விட்டு வெளியே வந்துவிட்டால் அது நம்ம காளான் இல்லை என்று சொல்லி, குந்தி உட்கார்ந்து, மண்ணை விலக்கிக் காலைப் பார்க்க வைக்கிறேன்.